மூன்றாவது கியர்

எங்கள் தெபெயான் ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்கள் இரண்டு இடங்களில் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். ஒன்று கோவிலில். இன்னொன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிறிஸ்பினின் பட்டறையில். பாதிரியாராவது நாம் வாய்திறந்து சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார். கிறிஸ்பினிடம் அதெல்லாம் நடக்காது. கிளட்ச் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவான்.

மருந்துக்கடை தெல்ஃபினா அம்மாள் அவனிடம் மாட்டிக்கொண்டது அப்படித்தான். கார் மேடு ஏற மாட்டேன் என்கிறது, எஞ்சின் மட்டும் கத்துகிறது என்று கொண்டுவந்தாள். கிறிஸ்பின் ஏறி உட்கார்ந்தான். கைப்பிரேக்கை இழுத்தான், மூன்றாவது கியரைப் போட்டான், கிளட்சை மெல்ல விட்டான். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த இடத்திலேயே திணறி நின்றுபோக வேண்டும். இது நிற்கவில்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தகடு போச்சு தெல்ஃபினாம்மா. காரு மேல தப்பில்ல. நீங்க பெடல் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க."

"நானா? சத்தியமா கிடையாது!"

"சத்தியம் வேற பண்ணாதீங்க, அதுக்குத் தனியா பாவம் சேரும். கழட்டிக் காட்டட்டுமா?"

கழற்றிக் காட்டினான். தகடு தேய்ந்து வழவழவென்று இருந்தது, அதன் மேல் அழுத்தும் இரும்பு சூட்டில் நீலம் பூத்திருந்தது. அந்த அம்மாள் அசடு வழிந்துகொண்டு நின்றாள். பட்டறையில் உட்கார்ந்திருந்த வெட்டிக்கூட்டம் கைதட்டியது.

பெடலை மிதித்தால் கீச்சென்று வரும் சத்தம் என்றால் கிளட்ச் பேரிங். மிதித்தால் மறைந்து, விட்டால் திரும்ப வரும் சத்தம் என்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பேரிங். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல்லைக் கடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. இவ்வளவும் எந்த மெக்கானிக்கும் சொல்வான். கிறிஸ்பின் அதற்கும் ஒரு படி மேலே போய், ஓட்டியவன் அவசரக்காரனா, பயந்தாங்கொள்ளியா, லீவர் மேல் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டுகிற சோம்பேறியா என்று சொல்வான். "வண்டிக்கு ஒண்ணுமில்லய்யா, வியாதி உனக்குத்தான்" என்பது அவன் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்த பேச்சு. பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்தது. பத்தாவது தடவை என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. கிறிஸ்பின் பட்டறையில் தப்பு நடக்காது, தப்பு ஓட்டுகிறவனிடம்தான் என்று ஊரே மனப்பாடம் செய்துவைத்திருந்தது.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் லாரிக்கார அபுந்தியோ. கிறிஸ்பினுடைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அதுவரை இரண்டு பேரும் வாடா போடா என்று திரிந்தவர்கள்தான். பிள்ளையைத் தொட்டியருகே ஏந்திய அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே' ஆகிவிட்டார்கள், மனைவிமார் 'கொமாத்ரே' ஆனார்கள். அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, 'நீங்க, வாங்க' என்றுதான் பேச வேண்டும். மரியாதை கூடியதே தவிர கிண்டல் ஒரு துளி குறையவில்லை.

அபுந்தியோவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கள் லாரிக்காரர்கள் எல்லோரிடமும் உள்ளதுதான். மலையிலிருந்து ஊருக்கு இறங்கும் பாம்பிறக்கத்தின் மேல்பாதியில், பத்து வளைவுகளில், எவனும் விளையாட மாட்டான். அடிப்பாதியில் சரிவு கொஞ்சம் குறைந்து ஊர்க்கோவில் கண்ணில் படும் இடத்தில் டீசல் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் உருட்டுவார்கள்.

"டீசலை மிச்சம் பண்ணி சொர்க்கத்துக்கா கொண்டுபோகப் போறீங்க கொம்பாத்ரே?" என்பான் கிறிஸ்பின்.

"அங்க இறக்கமே கிடையாதாமே. அதான் இங்கயே மிச்சம் பண்ணிக்கிறேன்."

அக்டோபர் இருபதாம் தேதி வாக்கில் அபுந்தியோ லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாகக் கழன்று வெளியே வருகிறது என்றான். கிறிஸ்பின் கூடவே ஏறிப் போய், லீவர் தலையில் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பார்த்தான். லீவர் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போயிருக்கும். இது குலுங்கவில்லை. சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே பல் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திறந்து பார்த்தால் அப்படியேதான் இருந்தது. மூன்றாவது கியரின் பற்களும், அதைப் பிடிக்க நகர்ந்து வரும் வளையத்தின் பற்களும் முனை மழுங்கி உருண்டுபோயிருந்தன. இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். நகரத்துக் கடையில் கேட்டதற்கு, பத்து நாள் ஆகும் என்றார்கள்.

பத்து நாளா! கல்லறைத் திருநாள் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. இறந்தவர்களுக்குப் படைக்கும் மேசையில் வெல்லப்பாகில் வேகவைத்த பூசணிக்காய் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. மலையில் விளையும் பூசணி முழுவதும் அந்த ஒரு வாரத்தில் கீழே இறங்கியாக வேண்டும். நவம்பர் மூன்றாம் தேதி ஆகிவிட்டால் அதை மாடுதான் தின்னும். அபுந்தியோவுக்கு வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் அறுவடை.

கிறிஸ்பின் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டான். அதன் மறுபக்கம் நான்காவது கியருக்கு உரியது. அந்தப் பக்கத்துப் பல் அவ்வளவாகத் தேயாமல் இருந்ததால் அது இப்போது மூன்றாவதுக்கு வந்தது. கியரின் மழுங்கிய பற்களை அரத்தால் ராவிக் கூராக்கினான். லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இறுக்கமான ஒன்றைப் போட்டான். காலி லாரியைச் சமதரையில் கல்லறை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான், கியர் கழலவில்லை. சுமை ஏற்றி, இறக்கத்தில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

சொல்லியாவது இருக்க வேண்டும். 'இது அவசர வேலை கொம்பாத்ரே, சாமான் வர்ற வரைக்கும் மூணாவதை நம்பாதீங்க, ரெண்டாவதுலயே ஊர்ந்து இறங்குங்க' என்று சொல்லத்தான் நினைத்தான். சாவி வாங்க அபுந்தியோ வந்தபோது பட்டறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "மேஸ்திரி கை பட்டாச்சுன்னா இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்று அவர்களில் ஒருவன் எடுத்துவிட்டான். அத்தனை பேர் நடுவில் இது அரைகுறை வேலை என்று சொல்ல கிறிஸ்பினுக்கு நா எழவில்லை. துணியில் கையைத் துடைத்தான்.

"ஆயிடுச்சு கொம்பாத்ரே," என்றான்.

எங்கள் பக்கம் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு 'ஆயிடுச்சு' என்றால், அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டால் அவனை அவமதித்த மாதிரி. அபுந்தியோவும் கேட்கவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை, எட்டு டன் பூசணிக்காயோடு அந்த லாரி பாம்பிறக்கத்தின் கடைசி வளைவில் திரும்பாமல் நேரே போனது. கோவில் வாசலில் சோளக்கதிர் சுடும் கௌதென்சியோவை அவருடைய தள்ளுவண்டியோடு சேர்த்து இடித்துவிட்டு, மதிலில் மோதி நின்றது. அந்தப் பெரியவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தெருவெல்லாம் பூசணிக்காய் உருண்டது. அபுந்தியோவுக்கு நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

செய்தி பட்டறைக்கு வந்தபோது கிறிஸ்பின் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். கையில் இருந்த ஸ்பானரை எங்கே வைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் அபுந்தியோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுற்றி நின்றவர்கள்தான் சொன்னார்கள்:

"அவனே ஒத்துக்கிட்டான் மேஸ்திரி. நியூட்ரல்ல விட்டுட்டேன்னு போலீஸ்கிட்ட சொல்லிட்டான். நீங்க எத்தனை வாட்டி தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்க, கேட்டானா?"

அப்பாடா, என்றது கிறிஸ்பினின் மனசு. ஒரு மனுஷன் துணி போர்த்திக் கிடக்கிறார், கொம்பாத்ரே கைவிலங்கோடு போயிருக்கிறான், இந்த மனசு அப்பாடா என்கிறது! அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான். அதையும் மறைப்பதற்கில்லை.

நாலாவது நாள் அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ரெபோயார் அம்மாள் கூப்பிட்டாள். வாகன நிபுணர் திருநாள் விடுமுறையில் போய்விட்டாராம். நாளைக் காலை நீதிபதி முன்னால் வைக்க ஒரு அறிக்கை வேண்டுமாம்.

"ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்றாங்க மேஸ்திரி. கியர்பாக்ஸ் நல்லா இருந்துச்சா இல்லையான்னு பாத்துச் சொன்னாப் போதும். ஆளுதான் ஒத்துக்கிட்டாரே, சும்மா ஒரு சம்பிரதாயம்."

அந்தக் கியர்பாக்ஸைப் பத்து நாளைக்கு முன்னால் திறந்து மூடியவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வெளியூர்க்காரி. கிறிஸ்பின் எந்தக் காலத்தில் ரசீது எழுதியிருக்கிறான்?

சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அபுந்தியோவின் மனைவி எஃப்ராசியா வாசலில் நின்றாள். கையில் துணி மூடிய தூக்கு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கொம்பாத்ரே, உங்களை உள்ள விடுவாங்களாமே. இதைக் கொஞ்சம் குடுத்துடுங்க, சோளமாவுல அவிச்ச தமால்தான். நான் கொண்டுபோனா தொடமாட்டேங்கிறாரு."

"குடுக்கிறேன் கொமாத்ரே."

"நாலு நாளா கண்ணே மூடலயாம். காவக்காரன் சொன்னான். வலது கையை மடியில வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காராம், பைத்தியம் பிடிச்ச மாதிரி." குரலைத் தாழ்த்தினாள். "நான் வண்டியைப் பத்தி எதுவும் கேக்க மாட்டேன். நீங்க பாத்து என்ன சொல்றீங்களோ அதுதான்."

போலீஸ் பிடித்த வண்டிகளைப் போட்டுவைக்கும் மைதானத்தில் லாரி மூக்கு நசுங்கிக் கிடந்தது. பலகை இடுக்குகளில் பூசணிச் சதை காய்ந்து ஈ மொய்த்தது. கிறிஸ்பின் லீவரோடு சேர்த்துக் கியர்பாக்ஸ் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினான். கடவுளே, பல் சுத்தமாக இருக்கட்டும், ஒரு குறியும் இருக்கக்கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினான். அவன்தான் நியூட்ரலுக்கு எடுத்தான் என்றால் என் தலையில் எதுவும் இல்லை. மூடியைத் தூக்கி, டார்ச்சை உள்ளே பிடித்தான்.

ஓடுகிற வண்டியில் நியூட்ரலிலிருந்து கியரைத் திணிக்கப் பார்த்தால் பல்லின் முனையில் அடி விழும். முனையில் அடி இருந்தது, பாவம், திணித்துப் பார்த்திருக்கிறான். ஆனால் போட்ட கியர் சுமையோடு தானாகச் சறுக்கி வெளியே வந்தால் பல்லின் பக்கவாட்டில் சீவிக்கொண்டு வரும். பக்கவாட்டிலும் சீவியிருந்தது. புதிய சீவல், பளபளவென்று இருந்தது. அவன் அரத்தால் ராவிய கூர் அத்தனையும் வழித்துத் துடைத்த மாதிரி போயிருந்தது. ஆயிலில் விரலை விட்டுத் தேய்த்தான். இரும்புத்தூள் நெருடியது.

காவல்காரன் ரொட்டியை மென்றுகொண்டே கிட்டே வந்தான். "என்ன மேஸ்திரி, வியாதி வண்டிக்கா, ஆளுக்கா?"

"போய்யா அந்தப் பக்கம்," என்று கத்திவிட்டான் கிறிஸ்பின்.

மூடியைத் திரும்பப் பொருத்த அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. போல்ட் மரையில் ஏறவில்லை, திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினான். முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தான். அபுந்தியோவுக்கு நடந்தது தெரியாமல் இருக்குமா? கியர் கையை மீறிக் கழன்றதை உணராதவனா அவன்? தெரிந்தேதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். கிறிஸ்பின் ஜெயிலுக்குப் போனால் பட்டறை போய்விடும், ஞானமகளின் படிப்பு போய்விடும் என்று எண்ணியிருப்பான். எனக்காகப் பொய் சொல்கிறான். இப்படி நினைத்ததும் கிறிஸ்பினுக்கு அழுகை வந்தது. கூடவே, அவன் விருப்பப்பட்டுச் சுமப்பதை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு பாழாய்ப்போன யோசனையும் வந்தது.

காவல் நிலையத்தின் கீழ்த்தளத்தில், படியருகே உட்கார்ந்திருந்த காவல்காரனைத் தாண்டினால், இரண்டு அறைகள். ஒன்றில் ஒரு குடிகாரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இன்னொன்றில் அபுந்தியோ. கண் இரண்டும் குழி விழுந்து, ஆள் பாதியாகியிருந்தான். கம்பி வழியாகத் தூக்கை நீட்டினால், இடது கையால் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சிமெண்ட் திட்டில் போய் உட்கார்ந்தான்.

"எதுக்கு கொம்பாத்ரே இப்படிப் பண்றீங்க?" என்றான் கிறிஸ்பின். "என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா?"

அபுந்தியோ புரியாமல் பார்த்தான். "உங்களையா? எதுலேருந்து?"

கிறிஸ்பின் சாமான் பையைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஞாபகமே வரல கொம்பாத்ரே," என்றான் அபுந்தியோ. "மூணாவதுலதான் இறங்குனேன். கோவில் தெரிஞ்சுது. அப்புறம் பாத்தா எஞ்சின் சத்தம் இல்ல, லாரி பாட்டுக்கு ஓடுது. பிரேக்கை மிதிக்கிறேன், புகைதான் வருது. கியரைத் திணிக்கிறேன், ஏறல. எப்ப நியூட்ரலுக்கு எடுத்தேன்னு நாலு நாளா யோசிக்கிறேன். எடுத்தது ஞாபகம் வரல. ஆனா எடுத்திருக்கேன். இல்லாட்டி எப்படி? கியர்பாக்ஸ் நீங்க பண்ணது. ஆயிடுச்சுன்னு சொன்னீங்க. அப்ப என் கைதானே?"

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்தப் பெரியவர் தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல. கதிரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நின்னாரு. எஞ்சின் சத்தம் இருந்தா கேட்டிருக்கும்ல? ஓடியிருப்பாருல்ல? கண்ணை மூடினா அதுதான் வருது. தனக்குத் தெரியாமயே ஒரு கை ஒரு ஆளைக் கொல்லுமா கொம்பாத்ரே? நீங்கதான் திறந்து பாத்தீங்களே, சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

அதுதானே கொடுமை! சொன்னால் நம்பிவிடுவான். ஆமாம், உங்க கைதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். வேறு ஒருவருக்கும் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக ஊரில் ஒவ்வொருவனிடமும் வியாதி உனக்குத்தான், உனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருவன் தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறான். கிறிஸ்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க கை இல்ல," என்றான். "கியர் தானா கழண்டுது. நான் புதுச் சாமான் போடல. பழசைத் திருப்பிப் போட்டு, ராவி விட்டேன். சுமையோட ஓட்டிப் பாக்கல. நாலு பேர் இருந்தாங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

அபுந்தியோ எழுந்தான். மெல்ல வந்து கம்பிக்கு மறுபக்கம் முகத்துக்கு நேராக நின்றான்.

"என்ன சொன்ன?"

"என் தப்பு. உங்க மேல ஒண்ணுமில்ல."

"சத்தமாச் சொல்லு."

"என் தப்பு!"

"இன்னும் சத்தமா. அந்தக் காவக்காரனுக்குக் கேக்கட்டும். யார் கொன்னது?"

"நான்தான் கொன்னேன்!" கிறிஸ்பினின் குரல் உடைந்து, கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. "நான்தான். உன் கை இல்ல. நான்தான்."

"கேட்டாச்சுப்பா, விடுங்கடா," என்று முனகினான் குடிகாரன்.

அபுந்தியோ கிறிஸ்பினைப் பார்த்தான். திட்டுவான், கம்பி வழியாகக் கழுத்தைப் பிடிப்பான் என்று கிறிஸ்பின் காத்திருந்தான். பிடித்தால் தேவலை என்றும் இருந்தது. அபுந்தியோ கம்பியை விட்டு விலகினான். திரும்பிப் போய் சிமெண்ட் திட்டில் சரிந்தான், வலது கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, குறட்டை வந்தது.

கிறிஸ்பின் அங்கேயே நின்றான். மன்னிப்பு என்று ஒரு சொல்லைக் கேட்க வாய் துடித்தது. அந்தத் தூக்கத்தைக் கலைக்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? காவல்காரன் வந்து தோளைத் தட்டி, நேரமாச்சு என்றான்.

மாடியில் ரெபோயார் அம்மாள் அறிக்கையின் தலைப்பை ஏற்கெனவே தட்டி வைத்திருந்தாள்.

"உக்காருங்க மேஸ்திரி. நிபுணர்னு போட்டு உங்க பேரை எழுதிடட்டுமா?"

"நிபுணர்னு போடாதீங்க வக்கீலம்மா," என்றான் கிறிஸ்பின். "ரிப்பேர் பண்ணவன்னு போடுங்க."